பனி கொட்டும் ஊர்ப்புறத்தில் கேட் போடுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

வந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் கேட்டைப் பற்றியவை. எந்த டிசைன், எந்த மோட்டார், மரமா இரும்பா என்று. ஆனால் குளிர்ப் பிரதேசத்தில் கேட் தகராறு செய்யும்போது காரணம் பெரும்பாலும் கேட்டில் இருக்காது. தூணுக்கு அடியில் உள்ள மண்ணிலோ, பனியை எந்தப் பக்கம் தள்ளி வைக்கிறோம் என்பதிலோதான் இருக்கும். அதனால் மண்ணிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: தூண் ஒவ்வொரு குளிர்காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது. இப்போது கொண்டி பொருந்தவே இல்லை. சுற்றி இன்னும் கான்கிரீட் ஊற்றினால் நிற்குமா?

நிற்காது, இன்னும் மோசமாகவும் ஆகலாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் தூணைத் தூக்குவது அது மட்டும் இல்லை. மேலிருந்து குளிர் இறங்க இறங்க, கீழே உறையாமல் இருக்கும் ஈரத்தை மண்ணின் நுண்துளைகள் மேலே இழுக்கும். அந்த ஈரம் உறையும் இடத்தில் பனிக்கட்டி அடுக்கடுக்காகச் சேர்ந்து மண்ணையே தூக்கும். உறைந்த மண் தூணின் பக்கங்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழும்புவதால் தூணும் கூடவே எழும்புகிறது. வசந்தத்தில் மண் இளகி இறங்கும், ஆனால் தூணுக்கு அடியில் உண்டான இடைவெளியில் சேறும் மண்ணும் நிறைந்துவிடுவதால் தூண் பழைய இடத்துக்குத் திரும்பாது. வருடா வருடம் இதே கதை.

இதில் கான்கிரீட்டை அகலமாக ஊற்றினால் உறைமண்ணுக்குப் பிடித்துக்கொள்ள இன்னும் அதிகப் பரப்பு கிடைக்கும், அவ்வளவுதான். குறிப்பாக, குழியின் வாயில் கான்கிரீட் வழிந்து குடை மாதிரி விரிந்திருந்தால் அதன் அடியில் பனி உட்கார்ந்து நேராக மேலே நெம்பும். தோண்டி எடுத்துவிட்டு மறுபடி போடுவதுதான் வழி. அடிமட்டம் உங்கள் பகுதியின் உறைபனி ஆழத்துக்கு, அதாவது குளிர்காலத்தில் மண் உறையும் ஆழத்துக்கு, கீழே போக வேண்டும். அந்த ஆழம் சில இடங்களில் 60 செ.மீ., சில இடங்களில் 2 மீட்டரைத் தொடும், கட்டட அனுமதி தரும் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அடிப்பகுதி அகலமாக, மேல்பகுதி அதைவிட ஒடுங்கி, பக்கங்கள் வழுவழுப்பாக இருக்கட்டும். அட்டைக் குழாய் அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றுவது இதற்காகத்தான். உச்சியைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, தண்ணீர் வழிந்தோடும்படி சரிவு கொடுங்கள்.

இதில் பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. பனிப்போர்வை மண்ணுக்குக் கம்பளி மாதிரி, அது இருக்கும் வரை குளிர் அவ்வளவு ஆழம் இறங்காது. வாகனப் பாதையில் நாம் பனியை வழித்து எடுத்துவிடுகிறோம், அதனால் பக்கத்து வயலைவிடப் பாதையோரத்தில் உறைபனி ஆழமாகப் போகும். கேட் தூண் நிற்பது சரியாக அந்த இடத்தில். ஆகவே சொல்லப்படும் ஆழத்தோடு இன்னும் 30 செ.மீ. சேர்த்துத் தோண்டினால் நிம்மதி, வண்டல் கலந்த மண்ணாக இருந்தால் கட்டாயம் சேர்த்துத் தோண்டுங்கள், ஏனென்றால் ஈரத்தை மேலே இழுப்பதில் வண்டலை மிஞ்சும் மண் கிடையாது.

கேள்வி: வேலியின் கடைசித் தூணையே கேட் தூணாக வைத்துக்கொள்ளலாமா? ஒரு தூண் மிச்சமாகுமே.

வேண்டாம். கம்பி குளிரில் சுருங்கி விறைக்கும், தூணை வேலிப் பக்கம் இழுக்கும். கேட்டின் எடை எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் கீலும் கொண்டியும் பருவத்துக்கு ஒரு இடத்தில் இருக்கும். வேலியின் இழுவையைக் குறுக்குச் சட்டம் போட்ட தனித் தூண்களிலேயே முடித்துவிட்டு, கேட் தூணைத் தனியாக விடுங்கள்.

கேள்வி: நிலம் உறையத் தொடங்கிவிட்டது. இப்போதே போட்டுவிடலாமா, வசந்தம் வரை காத்திருக்கலாமா?

கான்கிரீட் என்றால் காத்திருங்கள். உறைந்த மண்மேல் ஊற்றக் கூடாது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இறுகுவது மிகவும் மெதுவாகிவிடும், போதிய வலு வருவதற்குள் ஒருமுறை உறைந்துவிட்டால் அந்தக் கான்கிரீட்டுக்கு முழு பலம் பிறகு வரவே வராது. சீக்கிரம் இறுகட்டும் என்று கால்சியம் குளோரைடு கலப்பவர்கள் உண்டு, உள்ளே இரும்புத் தூண் நிற்கும்போது அதைச் செய்யாதீர்கள், துரு பிடிக்கும்.

அவசரம் என்றால் திருகுத் தூண் போடலாம். நுனியில் திருகு இலை வைத்த எஃகுக் குழாயை இயந்திரத்தால் மண்ணுக்குள் முறுக்கி இறக்குவார்கள். மேற்பரப்பு மட்டும் உறைந்திருந்தால் அதைத் துளைத்துவிட்டு இறக்கிவிடலாம், கான்கிரீட் மாதிரி இறுகும் வரை காத்திருக்கும் வேலை இல்லை. இலை உறைபனிக்குக் கீழே நங்கூரமாகப் பிடித்துக்கொள்ளும், தண்டு மெல்லியது என்பதால் மண்ணின் பிடியும் குறைவு. ஈரமான வண்டல் நிலத்தில் கான்கிரீட்டைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை. ஆனால் மெல்லிய தண்டு பக்கவாட்டு இழுப்புக்கு வளைந்து கொடுக்கும், கனமான கேட் என்றால் அந்த இழுப்பைக் கணக்கில் வைத்துத் தடிமனான குழாயாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: திறந்து மூடும் கேட்டா, நகர்த்தும் கேட்டா? பனி அதிகம், பாதையும் சற்று மேடு.

தரையில் தண்டவாளம் பதித்து அதில் சக்கரம் ஓடும் வகையை முதலில் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். பள்ளத்தில் பனியும் சரளையும் சேர்ந்து உறைந்துவிட்டால் கம்பியால் குத்தி உடைத்துத்தான் திறக்க வேண்டும்.

நகர்த்துவதில் நல்லது தரையைத் தொடாமல், ஒரு பக்கத் தூண்களில் உள்ள உருளைகளைப் பிடித்துத் தொங்கியபடி நகரும் வகை. அதற்கு எதிரெடையாகக் கேட்டின் நீளம் வாசலைவிட ஏறத்தாழ பாதி கூடுதலாக இருக்கும், அதாவது 5 மீட்டர் வாசலுக்கு 7.5 மீட்டர் கேட். அது பின்வாங்கி நிற்க வேலியோரத்தில் அந்த அளவு நேரான, காலியான இடம் வேண்டும். அந்த இடத்தில் பனியைக் குவித்துவிட்டால் எல்லாம் வீண். பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

திறந்து மூடும் வகைதான் எளிது, விலையும் குறைவு, கெட்டாலும் கையாலேயே சரிசெய்யலாம். ஆனால் அது சுற்றிவரும் இடம் முழுக்கப் பனி வழித்தாக வேண்டும். 5 மீட்டர் ஒற்றைக் கதவு திறக்க ஏறக்குறைய 20 சதுர மீட்டர் துப்புரவாக இருக்க வேண்டும், அதையே 2.5 மீட்டர் இரட்டைக் கதவாகப் பிரித்தால் 10 சதுர மீட்டர் போதும். மண்வாரியோடு நிற்கப்போவது நீங்கள் என்றால் இரட்டைக் கதவுக்குப் போங்கள். கீழ் இடைவெளி 20 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்கள், ஆடு கோழி வெளியே போகும் என்றால் அடியில் கழற்றக்கூடிய பலகையோ ரப்பர் பட்டையோ மாட்டிக்கொள்ளலாம்.

உங்கள் பாதை வீட்டை நோக்கி மேடேறுகிறது என்றால் உள்பக்கம் திறக்கும் கேட் தரையில் இடிக்கும். திறக்கத் திறக்கக் கேட்டைச் சற்றே உயர்த்தும் கீல்கள் கிடைக்கும், சிறிய சரிவுக்கு அவை போதும். சரிவு அதிகம் என்றால் கேட்டை இன்னும் உள்ளே தள்ளி, சமமான இடம் பார்த்து வையுங்கள். வெளிப்பக்கம் சாலையை நோக்கித் திறக்கும்படி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பல இடங்களில் அனுமதியும் இல்லை.

கேள்வி: சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு அகலம்?

உங்களிடம் உள்ள மிக நீளமான வண்டியும் டிரெயிலரும் சேர்ந்து, பின்பகுதி சாலையில் நீட்டாமல் மூடிய கேட்டுக்கு முன் நிற்க வேண்டும். வழுக்கும் சாலையில் பாதி வண்டி வெளியே நிற்க, நீங்கள் இறங்கிப் பூட்டோடு போராடுவது உயிருக்கே ஆபத்து. 12 முதல் 15 மீட்டர் தள்ளினால் பலருக்கும் சரியாக வரும். சாலைப் பனியை ஒதுக்கும் வண்டி வாசலில் விட்டுப்போகும் மேடும் அப்போது கேட்டின் மேல் சாயாது.

அகலம், கார் மட்டும் என்றால் 12 அடி; டிராக்டர், அறுவடைக் கருவி என்றால் 16 அடி. குறுகிய சாலையிலிருந்து செங்குத்தாகத் திரும்பி நுழைவதாக இருந்தால் இன்னும் கூட்டுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன் போட்டு அவர்கள் வண்டிக்கு எவ்வளவு வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். தூண்கள் பக்கத்தில் உயரமான, ஒளி பிரதிபலிக்கும் குச்சிகளைப் பனிக்காலத்துக்கு முன் நட்டுவையுங்கள்.

கேள்வி: மறைவுக்காக முழுப் பலகை அடித்த கேட் வேண்டும் என்கிறார் என் மனைவி.

வீட்டருகே காற்று அடங்கிய இடம் என்றால் தாராளமாக. திறந்த வெளியில் வேண்டாம். முழுப் பலகை காற்றை முழுதாக வாங்கி கீலையும் தூணையும் உலுக்கும், அதோடு கேட்டை ஒட்டியே ஆழமான பனிமேடு சேரும். அப்படியானால் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டால் போதும் என்று நினைப்பீர்கள். பாதி அடைப்பு, பாதி இடைவெளி என்பதுதான் பனியைப் பிடிப்பதற்கென்றே கட்டும் தடுப்பு வேலியின் அளவு! அதன் பின்னால் உயரத்தைப்போல் 30 மடங்கு தூரத்துக்கும் மேல் பனி படியும், அதாவது உங்கள் பாதை முழுக்க. குழாய்ச் சட்டமும் அகலமான இடைவெளியும் கொண்ட சாதாரணப் பண்ணை கேட்தான் காற்றைப் பனியோடு கடந்துபோக விடும். மறைவு வேண்டுமானால் வீட்டுக்கு அருகே, பாதையிலிருந்து தள்ளி, மரங்களாலோ தடுப்பாலோ செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஆள் போய்வரப் பெரிய கேட்டிலேயே திட்டிவாசல் வைக்கலாமா?

பார்க்க அழகுதான், ஆனால் பனி நாட்டில் தனி கேட்தான் சரி. திட்டிவாசலுக்குக் கீழே சட்டம் ஓடும், அதைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். அந்த இடம் உறைந்திருந்தால் வயதானவர்கள் விழுவார்கள். பெரிய கேட்டின் சட்டத்தை வெட்டுவதால் அது தொய்யவும் செய்யும். மோட்டார் கேட் என்றால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, தானாக நகரும் கேட் வழியாக மனிதர் நடக்கவே கூடாது, குழந்தைகள் நசுங்கிய விபத்துகள் நடந்திருக்கின்றன.

சில மீட்டர் தள்ளி, பனிமேடு சேராத பக்கத்தில், 4 அடி அகலத்தில் தனியாக வையுங்கள். சாதாரணமாகப் பார்க்க 3 அடி போதும் என்று தோன்றும், ஆனால் பனி எறியும் கருவியை உருட்டிக்கொண்டு போகும்போது அந்த ஒரு அடியின் அருமை புரியும். தாழ்ப்பாள் கனமான கையுறையோடு திறக்கும்படி பெரியதாக இருக்கட்டும்.

கேள்வி: மோட்டாரும் சோலாரும் போட்டேன். கோடையில் அருமை, குளிரில் பாதியில் நிற்கிறது.

மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் பேட்டரியைப் பாருங்கள். ஈய-அமில பேட்டரி −18 டிகிரியில் தன் கொள்ளளவில் சுமார் பாதிதான் தரும், அதே நேரத்தில் உறைந்த கிரீஸைத் தள்ள மோட்டார் அதிக மின்சாரம் கேட்கும். போதாததற்குப் பகல் குறைவு, பேனல் மேல் பனி. முழுதாக ஏறிய பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும், ஆனால் இறங்கிப்போன பேட்டரி −10 டிகிரி அளவிலேயே உறைந்து அதன் பெட்டி விரிசல் விடலாம். லித்தியம் வாங்கலாமே என்று கேட்பீர்கள். வழக்கமான லித்தியம் இரும்பு பாஸ்பேட் (LiFePO4) பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெடும், உள்ளேயே ஹீட்டர் உள்ள வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கேட் நகராதபோதும் ரிசீவரும் கீபேடும் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றாலே நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி போய்விடும். பேனல், பேட்டரி இரண்டையும் டிசம்பர் கணக்குக்குப் பெரிதாகப் போடுங்கள் (தெற்கு அரைக்கோளத்தில் ஜூன்), பேனலை உங்கள் அட்சரேகையோடு 15 டிகிரி கூட்டிச் செங்குத்தாகச் சாய்த்தால் பனியும் சறுக்கி விழும். வீட்டிலிருந்து கம்பி இழுக்க முடியும் தூரம் என்றால் நான் அதைத்தான் செய்வேன். ஹைட்ராலிக் வகை என்றால் குளிருக்கான எண்ணெய் கட்டாயம்.

கேட் மூடவே மாட்டேன் என்கிறது என்றால் வழியில் ஆளோ வண்டியோ நின்றால் கேட்டை நிறுத்தும் ஒளிக்கதிர் சென்சாரின் கண்ணில் பனி அப்பியிருக்கலாம். மேலே கூரை மாதிரி மூடி மாட்டுங்கள், ஹீட்டர் உள்ளதாக மாற்றுங்கள். சென்சாரைத் துண்டித்துவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். மின்சாரம் இல்லாதபோது கையால் விடுவிக்கும் சாவி எங்கே, எப்படித் திருப்புவது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: மரக் கேட் தொய்கிறது. குறுக்குச் சட்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும்?

மரச் சட்டம் என்றால் கீழ்க் கீலிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்து மேல் மூலைக்கு. இரும்புக் கம்பி என்றால் நேர்மாறாக, மேல் கீலிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்துக் கீழ் மூலைக்கு. மரம் எடையைத் தாங்கும், கம்பி இழுத்துப் பிடிக்கும்.

கேள்வி: இரும்புக் குழாய் கேட்டின் அடிக்குழாய் நீளவாக்கில் பிளந்துவிட்டது. தரம் குறைந்ததா?

உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்திருக்கிறது. மேலே திறந்த முனைகளை அடையுங்கள், அடியில் வடிதுளை போடுங்கள். துளையைச் சுற்றித் துத்தநாகப் பூச்சு தடவாமல் விடாதீர்கள்.

கேள்வி: பூட்டும், இரட்டைக் கதவை நிறுத்தத் தரைக்குள் இறக்கும் தரைக் கம்பியும் உறைந்துபோகின்றன.

பூட்டுக்குள் எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டு உலர்ந்த கிராஃபைட் தூள் போடுங்கள், சாவித்துளை கீழே பார்க்கும்படி தொங்கவிட்டு ரப்பர் மூடி கட்டுங்கள். வெந்நீர் ஊற்றினால் அந்த நிமிடம் திறக்கும், அரை மணியில் முன்பைவிட இறுக்கமாக உறைந்துவிடும்.

தரைக் கம்பி இறங்கும் குழாயின் அடி மூடியிருந்தால் அது பனிக்கட்டி வார்க்கும் அச்சு. அடி திறந்த, தண்ணீர் வடிந்துபோகும் ஆழமான ஜல்லியில் நிற்கும் குழாயாக மாற்றுங்கள். களிமண் நிலத்தில் ஜல்லிக்கும் தண்ணீரை வெளியே விட வழியிருக்காது, அங்கே தரைக் கம்பியே வேண்டாம். இரு கதவுகளையும் நடுவில் சங்கிலியால் பிணைத்துவிடலாம். எஃகு கேட் 5 மீட்டர் நீளம் என்றால் −35 இலிருந்து +35 வரை 4 மி.மீ. நீளும், அலுமினியம் 8 மி.மீ. நீளும், அதோடு தூணின் அசைவும் சேரும். ஆகவே கதவுகளுக்கு நடுவில் 2 செ.மீ. இடைவெளி விட்டு, நட்டுகளால் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய கீல்களை மாட்டிவிட்டால் வருடத்துக்கு இரண்டு தடவை ஸ்பேனரைத் திருப்புவதோடு முடிந்துவிடும்.