ஃப்ரிட்ஜ் கதவுல ஐஸ் வரல, சத்தம் மட்டும் வருது: நாமளே கை வைக்கலாமா?

தம்பி, உங்க கேள்வியை மத்தவங்களுக்கும் புரியுற மாதிரி ஒருவாட்டி சொல்லிடுறேன். அமெரிக்காவுல ஹூஸ்டன் பக்கத்துல கேட்டிங்கிற ஊர்ல தனி வீடு வாடகைக்கு எடுத்திருக்கீங்க, வீட்ல ஃப்ரிட்ஜ் இல்ல, ஊருக்கே திரும்பிப் போற ஒரு குடும்பம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருந்த ரெண்டு கதவு ஃப்ரிட்ஜை வாங்கிட்டீங்க. கதவுல தண்ணி ஒழுங்கா வருது, ஐஸ் லீவரை அமுக்குனா உர்ருனு சத்தம் மட்டும் வருது, ஐஸ் விழல. ஆள் வந்து பார்க்குறதுக்கே 120 டாலர், பார்ட்ஸ் தனிங்கிறாங்க. நாமளே கழட்டலாமா அண்ணான்னு கேக்குறீங்க.

தாராளமா கழட்டலாம். ஃப்ரிட்ஜ் உங்களோடது, வாரன்டி எப்பவோ முடிஞ்சிருக்கும், யாரையும் கேக்க வேண்டியதில்ல. இதைப் படிக்குற வேற யாராவது அபார்ட்மென்ட்ல இருந்து, ஃப்ரிட்ஜ் அபார்ட்மென்ட்காரங்களோடதுன்னா நீங்க ஸ்க்ரூ டிரைவரே எடுக்காதீங்க, மெயின்டனன்ஸ் ரிக்வெஸ்ட் போட்டா அவங்க ஆளே வந்து பார்த்துட்டுப் போவாரு, வாடகைல அதுவும் சேர்த்திதான். நம்ம ஆளுங்க பல பேரு கூச்சப்பட்டுக்கிட்டு மாசக்கணக்கா ரிக்வெஸ்ட் போடாமலே ஓட்டுறாங்க, அது ஏன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

சரி, உங்க ஃப்ரிட்ஜுக்கு வருவோம். சத்தம் வருதுன்னு சொன்னீங்க பாருங்க, பாதி வேலை அதுலயே முடிஞ்சிருச்சு. சத்தம் வந்தா லீவர், அதுக்குப் பின்னாடி இருக்குற சின்ன ஸ்விட்ச், கரண்ட் எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தம். மோட்டார் சுத்தப் பார்க்குது, ஒண்ணு அதால முடியல, இல்லன்னா அது சுத்துறது ஃப்ரீசர்ல ஐஸ் சேர்ற பக்கெட்டுக்குப் போய்ச் சேரல. சத்தமே இல்லாம இருந்திருந்தா முதல்ல கதவு மேல பூட்டுப் படம் போட்ட லைட் எரியுதான்னு பார்க்கச் சொல்லியிருப்பேன், குழந்தைங்க இருக்குற வீட்ல அதை எவனாவது அமுக்கி வச்சிருப்பான், மூணு செகண்ட் அழுத்திப் பிடிச்சா போயிடும்.

உங்க விஷயத்துல எனக்குத் தோணுறது ஐஸ் கட்டி தட்டிருச்சு. இந்த மெஷின் தினமும் பெரிய டம்ளர் நிறைய ஐஸ் போட்டு கோக் குடிக்குற வீட்டுக்காக செஞ்சது. நம்ம வீட்ல யாரு ஐஸ் எடுக்குறா, சளி பிடிக்கும்னு அம்மா போன்லயே சத்தம் போடுவாங்க, எப்பவாவது விருந்தாளி வந்தா ஜூஸ்ல ரெண்டு கட்டி. அசையாம வாரக்கணக்கா கிடக்குற ஐஸ், மழைக்காலத்துல உப்பு ஜாடி இறுகுற மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே பாறையா ஆயிடும், பக்கெட்டுக்குள்ள ஐஸைத் தள்ளுற நீளத் திருகு அதைத் தள்ள முடியாம உறுமிக்கிட்டே நிக்கும். அதுலயும் கரண்ட் போனா கேக்கவே வேணாம். 2024 ஜூலைல பெரில் புயல் அடிச்சு இந்தப் பக்கம் இருபது லட்சத்துக்கு மேல கனெக்‌ஷனுக்கு கரண்ட் போச்சே, அப்ப எல்லா வீட்டு பக்கெட்டும் உருகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைஞ்சு ஒரே பலகையாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு வித்தவங்க வண்டில ஏத்துறதுக்காக ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணியிருப்பாங்க இல்ல, ஐஸைக் கொட்டாம விட்டிருந்தா அப்பவே இது நடந்திருக்கும்.

முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. பிளக் பின்னாடி எட்டலன்னா ஃப்ரிட்ஜை இழுத்துப் போராடாதீங்க, பின்னாடி ஐஸுக்குத் தண்ணி வர்ற சின்ன ட்யூப் இருக்கும், அது மடங்கிட்டா புதுத் தலைவலி. பிரேக்கர் பாக்ஸ்ல ஃப்ரிட்ஜுன்னு எழுதுன ஸ்விட்சை ஆஃப் பண்ணா போதும், பெரும்பாலும் கராஜ்ல இருக்கும், உள்ள லைட் அணைஞ்சிருச்சான்னு கதவைத் திறந்து பார்த்துக்கோங்க. கரண்ட் இருக்கும்போது பக்கெட்டுக்குள்ளயோ ஐஸ் விழுற ஓட்டை வழியாவோ கை விடவே விடாதீங்க, நொறுக்குன ஐஸுக்காக உள்ள பிளேடு இருக்கு.

அப்புறம் பக்கெட்டை லேசாத் தூக்கி முன்னாடி இழுத்தா வந்துடும், சில மாடல்ல பக்கத்துல ஒரு லாட்ச் இருக்கும். கட்டியான ஐஸைக் கத்தியால குத்தாதீங்க, சிங்க்ல கவுத்து வச்சு வெதுவெதுப்பான தண்ணியை ஊத்துங்க, தானா கழண்டு விழும். கொதிக்குற தண்ணி வேணாம், குளிர்ந்த பிளாஸ்டிக் பட்டுனு விரிஞ்சிடும். கழுவினப்புறம் துணியால துடைச்சு நல்லாக் காய விடுங்க, ஈரத்தோட மாட்டினா அந்தத் தண்ணியே திருகைச் சுத்தி உறைஞ்சு மறுபடி பழைய கதைதான். ஃப்ரீசருக்குள்ளயும் எங்கயும் குத்தாதீங்க, சுவத்துக்குப் பின்னாடி ஃப்ரிட்ஜைக் குளிர வைக்குற கேஸ் குழாய் ஓடுது, இப்ப வர்ற புது ஃப்ரிட்ஜ் நிறைய ஆர் 600ஏ கேஸ்ல வருது, அது தீப்பிடிக்குற கேஸ்.

பக்கெட் வெளிய இருக்கும்போதே ஃப்ரீசர் பின் சுவத்தைப் பாருங்க, ரெண்டு கால் வச்ச ஒரு இரும்புக் கம்பி நீட்டிக்கிட்டிருக்கும். மோட்டார் சுத்துறது அதைத்தான். பக்கெட்டோட பின்பக்கம் அதுக்கு ஜோடியா ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், கம்பி அதுக்குள்ள உக்காந்தாதான் திருகு சுத்தும். பக்கெட்டைத் திரும்ப வைக்கும்போது கடைசி ரெண்டு விரல்கடை உள்ள போகாம நின்னா அமுக்கித் திணிக்காதீங்க, கம்பியைக் கையால கால் சுத்து திருப்பிட்டு வைங்க, லட்டா உக்காரும். எவ்வளவோ பேரு இதுல மாட்டிக்கிட்டுத்தான் ஆளைக் கூப்பிடுறாங்க, அவன் வந்து கம்பியைத் திருப்பிட்டு பணத்தை வாங்கிட்டுப் போயிடுவான். அந்த பிளாஸ்டிக் துண்டு விரிஞ்சிருந்தா மோட்டார் மட்டும் சுத்தும், திருகு நிக்கும், அப்ப அந்தப் பார்ட் மட்டும் வாங்கிப் போடணும். ஃப்ரிட்ஜ் உள் சுவத்துல மேல பக்கவாட்டுல ஒரு ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் இருக்கும், கடைசி எழுத்து வரைக்கும் முழுசா போட்டு ஆன்லைன்ல தேடுனா எல்லாப் பார்ட்டும் நம்பர் போட்டுப் படத்தோட வரும். கம்பெனி பேரை மட்டும் வச்சு வாங்காதீங்க.

காலி பக்கெட்டை மாட்டி, கரண்ட் போட்டு, கதவைச் சாத்திட்டு லீவரை அமுக்குங்க. திருகு கடகடன்னு சுத்துற சத்தம் கேட்டா ஜெயிச்சாச்சு. காலி பக்கெட்லயும் வெறும் உறுமல்தான்னா மோட்டாரோ அதோட கியரோ போயிருக்கும், அதுவும் பெரிய வித்தை இல்ல, மறுபடி கரண்டை ஆஃப் பண்ணிடுங்க, கால் இன்ச் நட் டிரைவர் ஒண்ணு ஹோம் டிப்போல வாங்கிக்கோங்க, நாலஞ்சு ஸ்க்ரூவும் ஒரு ஒயர் பிளக்கும்தான், கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, கட்டி தட்டுனதுக்கு மூல காரணம் இருந்தா மறுபடி வரும். லீவருக்கு மேல ஐஸ் விழுற வழில ஒரு சின்ன மூடி இருக்கும், ஐஸ் விழுந்து கொஞ்ச நேரத்துல அது முழுசா மூடணும். ஓரத்துல ஐஸ் துணுக்கு சிக்கியிருந்தாலோ ரப்பர் கிழிஞ்சிருந்தாலோ ஹூஸ்டன் புழுக்கக் காத்து அந்த வழியா உள்ள போய்க்கிட்டே இருக்கும், ஃப்ரீசர் கதவோரம் வெள்ளையா பூத்திருந்தா சந்தேகமே வேணாம். ஈரத்துணியால துடைச்சு, விரலால தள்ளிப் பார்த்து, ஸ்பிரிங் இழுக்குதான்னு பாருங்க. டெம்பரேச்சரையும் பாருங்க, இங்க எல்லாம் ஃபாரன்ஹீட், ஃப்ரீசர் 0ல இருக்கணும், அது நம்ம கணக்குல மைனஸ் 18. ஊர் ஞாபகத்துல 0ன்னா உறையுற அளவுதானேன்னு நினைச்சு மாத்தி வைக்காதீங்க.

பக்கெட்ல ஐஸே சேரலன்னா அது வேற பிரச்சினை, அது கதவு வழியா ஐஸைத் தள்ளுற டிஸ்பென்சர் இல்ல, ஐஸைச் செய்யுற ஐஸ் மேக்கர். ஐஸ் மேக்கர் பக்கத்துல ஒரு கம்பி வளைவு இருந்தா அது கீழ இறங்கியிருக்கணும், மேல தூக்கி விட்டிருந்தா ஆஃப்னு அர்த்தம். தண்ணி ஃபில்டரை பொதுவா ஆறு மாசத்துக்கு ஒருதரம் மாத்தச் சொல்வாங்க, நீங்க வாங்கின ஃப்ரிட்ஜ்ல அது எப்ப மாத்துனதோ, முதல்ல அதை மாத்திடுங்க.

கம்ப்ரஸர் ஓடல, ஃப்ரீசரே குளிரல, கேஸ் லீக்னு வந்தா மட்டும் கையை எடுத்துடுங்க, கேஸைத் தொட இங்க அமெரிக்க அரசோட சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏவோட 608 சான்றிதழ் உள்ள ஆள்தான் வேணும். பழைய ஃப்ரிட்ஜுக்கு அந்தச் செலவு பண்றதும் எனக்கு உடன்பாடில்ல, அந்தக் காசை அடுத்த ஃப்ரிட்ஜுக்குப் போடுங்க.

எல்லாம் மாட்டினதும் உடனே ஐஸ் வரலன்னு பதறாதீங்க, ஐஸ் சேர ஆரம்பிக்கவே ஒரு நாள் ஆகலாம். முதல் நாள் ஐஸைக் கொட்டிடுங்க. அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருதரம், யாரும் எடுக்கலன்னாலும் பக்கெட்டை சிங்க்ல கவுத்துடுங்க, மீன் பொட்டலத்தை மட்டும் மூடாம ஃப்ரீசர்ல வைக்காதீங்க, அந்த வாசனை முழுக்க ஐஸுக்குத்தான் ஏறும்.