காட்டெருமைத் தடமும் பெரியவர் கதையும்

கேள்வி: எங்கள் மலைக்கிராமப் பெரியவர்கள் காட்டெருமை பற்றிச் சொல்லும் கதைகள் வனவிலங்கு மேலாண்மைக்கு உதவுமா? எப்படிப் பதிவு செய்வது? (வாசகர், ஏற்காடு)

பதில்: உதவும். கனடாவில் கரிபு மான் கூட்டங்களின் மேலாண்மைக்கான வாரியம் ஒன்றில் 1982 முதல் பழங்குடியினரும் அரசு அதிகாரிகளும் சேர்ந்தே உட்காருகிறார்கள்.

"எத்தனை காட்டெருமை வரும்?" என்று படிவத்தை நீட்டாதீர்கள், வாய்க்கு வந்த எண்தான் கிடைக்கும். பெரியவரோடு தடத்திலேயே நடந்து, குறுக்கிடாமல் பதிவு செய்யுங்கள். மாதத்தைக் கேட்காமல் "காப்பி பூத்தப்பவா, பழம் பறிக்கிறப்பவா, பலா பழுத்தப்பவா?" என்று கேட்டால் காலம் பிசகாது. மூன்று பேரைத் தனித்தனியே கேளுங்கள். கூட்டமாக உட்கார்ந்தால் மூத்தவர் சொன்னதையே மற்றவர்கள் வழிமொழிவார்கள். கதைகள் முரண்பட்டால் ஒன்றைத் தள்ளிவிட வேண்டாம். இடையில் யாரோ தோட்டத்துக்கு முள்வேலி போட்டு, தடமே மாறியிருக்கலாம்.

பிறகு அவர்கள் சொன்ன இடங்களில் குளம்படி, சாணம் தேடுங்கள். தானியங்கி கேமராவைத் தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி, இடுப்புயரத்தில், வடக்கு பார்த்துக் கட்டுங்கள். முன்னால் உள்ள புல்லை அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் புல் ஆடும் படங்களே மெமரி கார்டை நிரப்பிவிடும்.

2006 வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, வனவிலங்கைக் காக்கும் அதிகாரத்தைக் கிராமசபைக்குத் தருகிறது. அதனால் முதலில் கிராமசபை ஒப்புதல். பதிவின் ஒரு பிரதி ஊரிலேயே இருக்க வேண்டும். காட்டெருமைகள் உப்புமண் நக்கும் இடத்தை மட்டும் வெளியிடும் வரைபடத்தில் காட்டாதீர்கள். வேட்டைக்காரன் தேடுவது அதைத்தான்.