வன்னியில் இருந்தபடியே காணொளித் துறையில் முழுநேரத் தொழில் அமைக்க முடியுமா?

உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டுக் கிளிநொச்சியில் இருக்கும் ஒருவர், கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ இடம்பெயராமல், யூடியூப், பேஸ்புக், டிக்டொக் ஆகிய தளங்களுக்குக் காணொளி செய்து அதையே வாழ்க்கைத் தொழிலாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். நான் இதே மாவட்டத்தில் ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் செய்து பிழைப்பவன் என்பதால், எனக்குத் தெரிந்த அளவில் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

முடியும். ஆனால் முதல் சில ஆண்டுகளுக்கு உங்கள் வீட்டில் அடுப்பெரிய வைக்கப்போவது விளம்பர வருமானம் அன்று. மற்றவர்களுக்காக நீங்கள் செய்துகொடுக்கும் வேலைக்குக் கிடைக்கும் கூலியே. இதைத் தெளிவாக விளங்கிக்கொண்டு தொடங்குகிறவர்கள் நிலைக்கிறார்கள் என்பதும், அலைவரிசை ஒன்றைத் திறந்துவிட்டு டொலருக்காகக் காத்திருப்பவர்கள் ஓராண்டுக்குள் கமராவை விற்றுவிடுகிறார்கள் என்பதும் நான் சுற்றிலும் பார்த்து அறிந்தவை.

விளம்பரக் கணக்கை முதலில் பார்ப்போம். யூடியூப் தன் விளம்பர வருமானத்தில் பங்கு தருவதற்கு 1000 சந்தாதாரர்களைக் கேட்கிறது. அவர்களோடு, கடந்த 12 மாதங்களில் பொதுக் காணொளிகள் 4000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாள்களுக்குள் குறுங்காணொளிகள் (ஷோர்ட்ஸ்) ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். இந்தத் தகுதியைப் பெற்ற பிறகு, நீளக் காணொளிகளில் ஓடும் விளம்பரங்களின் வருமானத்தில் 55 வீதம் உங்களுக்கு வரும். குறுங்காணொளிகளைப் பொறுத்தவரை, படைப்பாளர்களுக்கென்று ஒதுக்கப்படும் தொகையில் 45 வீதம் வரும். கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அதற்கு முன்பே, 10 டொலர் சேர்ந்தவுடன், உங்கள் முகவரியை உறுதிப்படுத்தும் இரகசிய எண்ணைக் கூகிள் சாதாரணத் தபாலில் அனுப்பும். வீட்டு இலக்கம் இல்லாத குடியேற்றத் திட்ட வீதிகளில் வசிப்பவர்கள் இந்தக் கடிதத்துக்காகப் பல வாரங்கள் காத்திருப்பதுண்டு. ஆகவே முகவரியில் உப தபாலகத்தின் பெயரைச் சரியாக எழுதி, தபால்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

விளம்பரத்தின் விலை பார்ப்பவர் வாழும் நாட்டைப் பொறுத்தது. ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ இருப்பவர் பார்க்கும் ஆயிரம் பார்வைகளுக்கும், வவுனியாவில் இருப்பவர் பார்க்கும் ஆயிரம் பார்வைகளுக்கும் கிடைக்கும் தொகையில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வடக்கில் பல அலைவரிசைகள் புலம்பெயர்ந்தவர்களை நோக்கியே பேசுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டிக்டொக்கில் பார்வைக்குப் பணம் தரும் திட்டமோ அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி, பிரான்ஸ் போன்ற சில நாடுகளில் வாழ்பவர்களுக்கு மட்டுமே உரியது; இலங்கையில் இருந்து எத்தனை இலட்சம் பார்வைகளைப் பெற்றாலும் அந்த வழியில் பணம் வராது.

இனி, கூலி வேலையைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் வன்னியில் இருப்பதன் பலமே இதில்தான் இருக்கிறது. இங்கே பல குடும்பங்களில் பாதிப் பேர் ஊரிலும் மீதிப் பேர் கடல் கடந்தும் வாழ்கிறார்கள். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோயில் திருவிழா, இறுதிச் சடங்கு என்று எது நடந்தாலும் அதை நேரலையில் பார்க்க வேண்டும் என்ற தேவை உண்மையானது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் போன்ற பெருவிழாக்கள் மட்டுமன்றி, மல்லாவியிலோ துணுக்காயிலோ உள்ள ஒரு சிறு கோயிலின் அலங்கார உற்சவத்துக்கும் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். இதற்காக யாழ்ப்பாணத்தில் இருந்து வரும் குழுவுக்கு வாகனச் செலவு, தங்குமிடச் செலவு இரண்டும் சேர்ந்துவிடும். ஊரிலேயே இருக்கும் நீங்கள், நேரத்துக்கு வந்து நிற்பவர் என்று பெயரெடுத்துவிட்டால் வேலை தேடி வரும்.

நேரலையை ஒழுங்காகச் செய்வதற்குக் கமராவைவிட இணைய இணைப்பே முக்கியம். 720பி படத் தரத்தில் தடங்கலின்றி அனுப்ப, மேலேற்றும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட் தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். ஏ9 வீதியோரம் இது பெரும்பாலும் கிடைத்துவிடும். முத்தையன்கட்டுப் பக்கமோ குமுழமுனைப் பக்கமோ உள்ளே போனால் நிலைமை வேறு. நிகழ்ச்சிக்கு முதல் நாள், நிகழ்ச்சி நடக்கப்போகும் அதே நேரத்தில், அதே இடத்தில் நின்று இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகளைச் சோதித்துப் பாருங்கள், ஏனெனில் காலை பத்து மணிக்கு நன்றாக இருக்கும் வேகம் மாலை ஏழு மணிக்கு, ஊரே கைத்தொலைபேசியோடு இருக்கும்போது, பாதியாகிவிடும். கைத்தொலைபேசியில் இருந்து யூடியூப் நேரலை செய்ய அலைவரிசைக்கு 50 சந்தாதாரர்களாவது இருக்க வேண்டும். நேரலை வசதியை முதன்முறை இயக்கும்போது அது திறக்க 24 மணி நேரம் வரை எடுக்கலாம். திருமணத்தன்று காலையில் போய் அதை இயக்க முயல்வது வாடிக்கையாளரை இழப்பதற்கான நிச்சயமான வழி. வெயிலில் தொலைபேசி சூடேறித் தானாக நின்றுவிடும் என்பதால், மின்னேற்றிக்கொண்டே வெயிலில் படம்பிடிக்காதீர்கள். பந்தலின் நிழலில் நிற்க இடம் கேளுங்கள், கொடுப்பார்கள்.

பாடல் உரிமை இன்னொரு பெரும் தலையிடி. மண்டபத்தில் ஒலிபரப்பும் சினிமாப் பாடல் உங்கள் ஒலிவாங்கிக்குள் வந்தால், யூடியூப்பின் தானியங்கி முறை அதைக் கண்டுபிடித்து நேரலையை இடையில் மறைத்துவிடக்கூடும். தாலி கட்டும் நேரத்தில் அது நடந்தால், பின்பு சொல்லும் எந்த விளக்கமும் எடுபடாது. ஐயரின் மந்திரமும் நாதஸ்வர தவிலும் வரும் இடத்தில் தனி ஒலிவாங்கி வையுங்கள். ஒலிபெருக்கிக்காரரோடு முன்னதாகப் பேசி, முகூர்த்த நேரத்தில் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள்.

இறுதிச் சடங்குகளை நேரலை செய்வது இந்தத் தொழிலில் மிகவும் கனமான பகுதி. ஒருமுறை ஒரு தாயாரின் இறுதிக் கிரியையை அனுப்பிக்கொண்டிருந்தபோது, நோர்வேயில் இருந்த மகள், "அம்மாவின்ர முகம் தெரியேல்லை, அந்த மாலையைக் கொஞ்சம் விலத்தச் சொல்லுங்கோ தம்பி" என்று திரையில் எழுதினார். நான் அதை மூத்த மகனிடம் காட்ட, அவர் மாலையை விலக்கிவிட்டு, தானும் கமராவின் பக்கம் வந்து நின்று, தங்கை பார்க்கிறாள் என்று மற்றவர்களுக்குச் சொன்னார். இத்தகைய நேரலைகளைப் பொதுவில் விடாமல், இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் முறையில் அமைத்து, இணைப்பைக் குடும்பத்தினர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. மற்றவரின் துக்கத்தை உங்கள் அலைவரிசையின் பார்வை எண்ணிக்கைக்குச் சேர்க்காதீர்கள்.

கூலி வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே சொந்த அலைவரிசையை வளர்க்க வேண்டும். எதைப் பற்றிச் செய்வது என்று பலர் தடுமாறுகிறார்கள். அண்மை ஆண்டுகளில் வடக்கில் பெருகியிருக்கும் உதவிக் காணொளிகளைப் பார்த்து, நாமும் அதைச் செய்யலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் அதிகம். ஒரு வறிய வீட்டுக்குள் போய், அந்தப் பெண்ணின் கண்ணீரையும் பிள்ளைகளின் முகங்களையும் காட்டி, வெளிநாட்டில் இருப்பவர்களிடம் பணம் கேட்பது அதன் வடிவம். பணக் கணக்கு வெளிப்படையாக இல்லாததால் இவற்றைப் பற்றி முறைப்பாடுகளும் எழுந்திருக்கின்றன. புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டில், ஒரு நிறுவனத்தின் அறிக்கைக்காகப் படம்பிடிக்க அனுமதி கேட்டபோது, அந்த அம்மா முதலில் கேட்டது, "தம்பி, இதைக் கனடாவில இருக்கிற என்ர அண்ணன்ர பிள்ளையள் பார்ப்பினமோ? மாரிக்கு ஒழுகிற கூரையை அவையளுக்குக் காட்ட வேண்டாம்" என்றுதான். அன்று அவருடைய கைகளையும் அவர் பின்னிய பனையோலைப் பெட்டியையும் மட்டும் படம்பிடித்தோம்; அறிக்கைக்கு அது போதுமாகவே இருந்தது. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த மக்களின் இல்லாமையை மூலதனமாக்கிக் கட்டும் தொழில் எனக்கு உடன்பாடில்லை, அதில் எவ்வளவு பணம் வந்தாலும்.

செய்வதற்கு வேறு பொருள்களா இல்லை? இரணைமடுக் குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று தீர்மானிக்கும் கூட்டம் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தத் தீர்மானத்தை எளிய தமிழில், வாய்க்கால் வாய்க்காலாக விளக்கும் ஒரு காணொளிக்கு விவசாயிகளும் காத்திருப்பார்கள், வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு இலண்டனில் இருப்பவர்களும் காத்திருப்பார்கள். முல்லைத்தீவுக் கரையில் கரைவலை இழுக்கும்போது, மீன் சேரும் வலையின் மடி கரையேறும் அந்தக் கடைசி நிமிடங்கள், பாலைப்பழக் காலத்துக் காடு, வற்றாப்பளையில் கடல் நீரில் விளக்கெரியும் வழக்கத்தின் முறைகள், முல்லைத்தீவுக் கோவலன் கூத்தை இன்னும் ஆடத் தெரிந்த கூத்தாசிரியர்களான அண்ணாவிமார் ஆகியவற்றை ஊருக்குள் இருக்கும் ஒருவரால்தான் பொறுமையாகப் பதிவுசெய்ய முடியும். கொழும்பில் இருந்து ஒரு நாள் வந்து போகிறவருக்கு அந்த நேரம் கிடையாது.

ஒரே காணொளியை எல்லாத் தளங்களிலும் அப்படியே போடுவது பலன் தராது. இந்தியாவில் 2020 ஜூன் முதல் டிக்டொக் தடைசெய்யப்பட்டிருப்பதால், தமிழ்நாட்டுப் பார்வையாளர்களை யூடியூப்பிலும் இன்ஸ்டகிராமிலும்தான் சந்திக்க முடியும். ஐரோப்பாவில் வளர்ந்த நம் பிள்ளைகள் டிக்டொக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் இருக்கிறார்கள். ஆகவே படம்பிடிக்கும்போதே இதை மனத்தில் வைத்து, அகலவாட்டில் எடுக்கும் சட்டத்தின் நடுப்பகுதிக்குள் முக்கியமான செயலை அமையுங்கள், பின்பு நெடுக்குவாட்டாக வெட்டும்போது முகம் துண்டாகாது. கரைவலைக் காணொளி யூடியூப்பில் இருபது நிமிடம் ஓடலாம். அதே பதிவில் இருந்து மடி அவிழும் காட்சியை மட்டும் ஒரு நிமிடத்துக்குள் வெட்டி டிக்டொக்குக்கும், பெரியவர் வலை பற்றிச் சொல்லும் பகுதியை எழுத்துகளோடு பேஸ்புக்குக்கும் கொடுக்கலாம். யூடியூப்பின் குறுங்காணொளி 2024 ஒக்டோபரில் இருந்து மூன்று நிமிடம் வரை நீளலாம் என்பதால், கதை சொல்ல அங்கேயும் இடம் இருக்கிறது. வெளியிடும் நேரமும் கவனத்துக்குரியது: கோடையில் ரொறன்ரோவில் இரவு 8.30 ஆகும்போது இங்கே காலை 6 மணி. பரிஸில் இரவு 8 ஆகும்போது இங்கே இரவு 11.30.

கருவிக்காகக் கடன்பட வேண்டாம். ஒரு நல்ல கைத்தொலைபேசி, சட்டையில் குத்தும் கம்பியில்லா ஒலிவாங்கி, காற்றுத் தடுப்பு, முக்காலி இவை போதும். வன்னியின் கச்சான் காற்றில் ஒலி கெட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பார்ப்பவர் போய்விடுவார். பணம் மிஞ்சினால் முதலில் சேமிப்பு வட்டுகள் இரண்டு வாங்குங்கள். 4கே தரத்தில் ஒரு நிமிடப் பதிவு சாதாரணமாக 350 எம்பி வரை இடம் பிடிக்கும். மூலப் பதிவுகளை இரண்டு இடங்களில் வைப்பது அவசியம், ஏனெனில் அலைவரிசை ஒருநாள் முடக்கப்பட்டால் உங்களிடம் மிஞ்சப்போவது அவைதான். அதே காரணத்துக்காக, அலைவரிசையின் உரிமையை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வைத்து இருபடிச் சரிபார்ப்பை இயக்குங்கள். நண்பர்கள் சேர்ந்து தொடங்கினால், கணக்கு யாருடையது, வருமானம் எப்படிப் பிரியும் என்பதை முதல் நாளே எழுதி ஒப்பமிடுங்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமாக. ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் பதிவும் அனுமதியும் தேவை. படைமுகாம்களுக்கு அருகில் சாதாரணக் கமராவைக்கூட உயர்த்த வேண்டாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் ஒருமுறை தமிழில் வாசித்துவிடுங்கள். வேலை சீராக வரத் தொடங்கியதும் பிரதேச செயலகத்தில் விசாரித்து வியாபாரப் பெயரைப் பதிவுசெய்யுங்கள், பாடசாலைகளும் நிறுவனங்களும் பற்றுச்சீட்டு இல்லாமல் பணம் தரமாட்டா. கூகிள் கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நிரப்பாமல் விட்டால் தேவைக்கு அதிகமாகப் பணம் பிடிக்கப்படும். உள்நாட்டில், 2025 ஏப்ரலில் இருந்து ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் வரி விலக்கு உண்டு. அதற்கு மேல் போகத் தொடங்கும்போது ஒரு கணக்காளரிடம் போங்கள்.

நீங்கள் கிளிநொச்சியிலேயே இருப்பதால் ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்க் கோயிலின் அடுத்த திருவிழாவுக்கு முன்பு பரிபாலன சபைச் செயலாளரைச் சந்தித்து, ஒரு நாள் பூசையை இலவசமாக நேரலை செய்து தருவதாகக் கேளுங்கள். அது நன்றாக அமைந்தால், மற்றத் திருவிழா உபயகாரர்கள் தங்கள் நாளுக்கு என்ன கட்டணம் என்று அவர்களாகவே கேட்பார்கள். அதற்குள் உங்கள் விலையைத் தீர்மானித்து, ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.