பர்லியார் கடைச் சுவரில் சிவப்புக் குறி: பதில்

வணக்கம். குன்னூர் சாலையை அகலப்படுத்துவதற்காக உங்கள் பழக்கடைச் சுவரில் சிவப்புப் பெயிண்டால் எண் எழுதிவிட்டுப் போனார்கள், கடை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெறும் பெயிண்ட் குறியை வைத்து யாரும் பட்டா நிலத்தை எடுத்துவிட முடியாது.

முதலில் அ-பதிவேடு (நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவு), புலப்படம் (நிலத்தின் எல்லை அளவு வரைபடம்) இரண்டையும் எடுத்து, சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். மலைப் பாதையில் பல கடைகளின் கதை ஒன்றுதான்: கட்டடம் பட்டாவில் இருக்கும், முன்னால் இறக்கிய தகரக் கூரையும் பெஞ்சும் புறம்போக்கில் நிற்கும். அந்த நாலடிக்கு நில இழப்பீடு கிடைக்காது.

பட்டா நிலம் என்றால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-ன்படி 3ஏ அறிவிக்கை, அதாவது நிலத்தை எடுக்கப்போகிறோம் என்ற அரசு அறிவிப்பு, வரவேண்டும். தமிழ்ப் பேப்பரிலும் வரும், தவறவிடாதீர்கள். அரசிதழில் வெளியானதிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபணை தரவேண்டும். இழப்பீடு 2013 நில எடுப்புச் சட்டத்தின் கணக்குப்படிதான். அந்த இழப்பீட்டில் 100 சதவீதம் ஆறுதல் தொகையாகத் தனியாகச் சேரும். தொகை பற்றாவிட்டால் நடுவரிடம் முறையிடலாம்.

இன்னொன்று. ஆட்சேபணையில் கடையை மட்டும் எழுதாமல் பின்னால் இருக்கும் சரிவையும் எழுதுங்கள். சரிவின் அடியை வெட்டினால் மேல்மண் பிடிமானம் இழக்கும். மண்சரிவு என்ன செய்யும் என்பதை 2009 நவம்பரில் நீலகிரியே பார்த்தது. தடுப்புச் சுவர், அதில் நீர் வடியும் துளைகள், மழைநீர்க் கால்வாய் மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். என்னைக் கேட்டால், நேர்ச்சாலையை அகலமாக்குவதைவிட பஸ் திரும்பத் திணறும் கொண்டை ஊசி வளைவுகளில் இடம் கூட்டுவதுதான் நெரிசலைக் குறைக்கும். அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மனுவைக் கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள்.