'டேக் ஓவர்': யாரிடமிருந்து, எதை?

கேள்வி: ஐயா, 'டேக் ஓவர்' என்பதற்குத் 'தலைமை ஏற்பது' என்று பொருள் எழுதிக்கொள்ளலாமா?

பதில்: பாதிதான் சரி. இன்னொருவர் வைத்திருந்த பொறுப்பை ஏற்பது என்று எழுதிக்கொள்ளுங்கள். 2011 ஆகஸ்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் விலக, ஆப்பிள் நிறுவனத்தின் தலைமை டிம் குக்கிடம் வந்தது. அங்கே 'டேக் ஓவர்' என்பதன் இறந்தகால வடிவமான 'டுக் ஓவர்' கச்சிதமாகப் பொருந்தும். புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு நீங்களே முதல் தலைவர் என்றால் அந்தச் சொல் பொருந்தாது. 'ஹெட் அப்' என்று சொல்லுங்கள்.

கேள்வி: 'ஐ டுக் ஓவர் மை மேனேஜர்' என்று மின்னஞ்சலில் எழுதினேன். மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். என்ன பிழை?

பதில்: அவரையே கைப்பற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்! 'டேக் ஓவர்' என்பதை ஒட்டி வரவேண்டியது நீங்கள் ஏற்ற அணி, துறை, வேலை. ஆளைச் சொல்வதானால் முன்னால் 'ஃப்ரம்' வேண்டும். 'மேலாளரிடமிருந்து ஏற்றேன்' என்பதில் 'இடமிருந்து' செய்கிற வேலை அது. அதை விழுங்கிவிட்டு 'மேலாளர் ஏற்றேன்' என்றால் தமிழிலும் சிரிப்பார்கள். பதவியின் பெயருக்கு முன் 'ஆஸ்' வரும்: 'ஐ டுக் ஓவர் ஆஸ் டீம் லீடர்'. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய நாளில் நானும் இந்த 'ஃப்ரம்'மைத் தொலைத்தவன்தான்.

கேள்வி: 'டேக் ஓவர் இட்' சரியா?

பதில்: தவறு. 'டேக் இட் ஓவர்'. 'இட்', 'தெம்' போன்றவை நடுவில்தான் உட்காரும். 'த டீம்' என்றால் நடுவிலும் வரலாம், கடைசியிலும் வரலாம்.

கேள்வி: சக ஊழியரைப் பாராட்டி 'ஷி டுக் ஓவர் த மீட்டிங்' என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

பதில்: வாடாமல் என்ன செய்யும்? யாரும் கேட்காமலே கூட்டத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டார் என்ற தொனி அதில் இருக்கிறது. விடுப்பில் போனவரின் வேலையைப் பார்த்துக்கொள்வதற்கு இதே சொல் வந்தால் எந்த உறுத்தலும் இல்லை. பாராட்ட நினைத்தால் 'டேக் சார்ஜ்' நல்லது. குழப்பமான நேரத்தில் துணிந்து முன்னே வந்தார் என்று அது சொல்லும். 'டேக்ஓவர்' என்று சேர்த்து எழுதினால் அது பெயர்ச்சொல். ஒரு நிறுவனம் இன்னொன்றைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவருவதைக் குறிக்கும். இயக்குநர் குழு எதிர்த்தும் பங்குகளை வாங்கிக் கைப்பற்றினால் 'ஹாஸ்டைல் டேக்ஓவர்'. வணிகச் செய்திகளில் அடிக்கடி பார்த்திருப்பீர்கள்.

கேள்வி: அப்படியானால் 'ஓவர்டேக்'?

பதில்: அது சாலையில் முந்துவது. பொறுப்பேற்புக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள்.