அமெரிக்காவில் மரண தண்டனை வழக்கில் ஜூரிகளை மனமிரங்க வைப்பது எது?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் சட்டம் படிப்பவர் போலத் தெரிகிறது. இல்லையென்றால், என்னைப் போலக் குடியுரிமை வாங்கிய கையோடு ஜூரி சம்மன் வந்திருக்கும், அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களைக் கோர்ட்டுக்கு அழைக்கும் கடிதம். டெக்சாஸில் அப்படி ஒரு வழக்கில் உட்கார்ந்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். யார், எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொலை செய்தவனுக்குப் பரிந்து பேச வரவில்லை. அவன் குற்றவாளி என்று தீர்மானித்ததில் எனக்கும் பங்குண்டு. மரண தண்டனையே கூடாது என்று உறுதியாக இருப்பவர்களை ஜூரி தேர்விலேயே கழித்துவிடுவார்கள். ஆகவே நாங்கள் யாரும் இளகிய மனசோடு உள்ளே போனவர்கள் இல்லை.

தண்டனைக்கென்று தனியாக இன்னொரு விசாரணை நடக்கும். 1978-ல் லாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அவன் வளர்ந்த கதையைச் சொல்ல விடாமல் தடுக்க முடியாது. மனநல மருத்துவர் வந்து மூளை ஸ்கேனெல்லாம் காட்டினார். பாதிப் பேருக்கு ஏறவே இல்லை. காசு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்றே நினைத்தார்கள். அப்புறம் அவனுக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த டீச்சர் வந்தார், ரிடையர் ஆனவர். திங்கட்கிழமை காலையில் மட்டும் அவன் இரண்டு பால் டப்பா எடுத்துக்கொள்வானாம். வெள்ளி மதியம் பள்ளியில் சாப்பிட்டதோடு சரி, வீட்டில் ஒன்றும் கிடைத்திருக்காது. அந்த வருட ரிப்போர்ட் கார்டிலேயே அதை எழுதி வைத்திருந்தார். அந்தத் தாள் எங்கள் அறையில் கைமாறிக் கைமாறி வந்தது. மரண தண்டனைதான் என்று பிடிவாதமாக இருந்த ஓர் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை.

இன்னொன்று, வெளியே வந்துவிடுவானோ என்ற பயம். டெக்சாஸில் 2005-லிருந்து பரோலே இல்லாத ஆயுள் தண்டனை உண்டு. சாகும்வரை உள்ளேதான் என்று தெளிவானதும் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஆயுள் தண்டனைதான் கொடுத்தோம்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அங்கே ஒருவர் கடைசி வரை மறுத்தால்கூட மரண தண்டனை விழாது. ஆனால் அதை ஜூரிகளிடம் சொல்லக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தண்டனையை முடிவு செய்ய எங்களிடம் சில கேள்விகள் கேட்பார்கள்; உயிரைக் காக்கும் பதிலுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்று மட்டும்தான் எங்களுக்குச் சொன்னார்கள். பத்துப் பேரை எங்கே சேர்ப்பது என்று மனம் விட்டுப்போய் மரண தண்டனைக்கே கை தூக்கியவர்கள் மற்ற வழக்குகளில் எத்தனை பேரோ! புளோரிடாவில் இன்னும் மோசம். பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேரைக் கொன்றவனுக்கு 2022-ல் மூன்று ஜூரிகள் மறுத்ததால் ஆயுள் தண்டனை கிடைத்தது. மறு வருடமே பன்னிரண்டில் எட்டுப் பேர் மரண தண்டனைக்கு ஒத்துக்கொண்டால் போதும் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். அத்தனை நாளுக்கும் என் கம்பெனி சம்பளம் தரவில்லை. தனியார் கம்பெனி தந்தாக வேண்டும் என்று டெக்சாஸில் சட்டம் இல்லையாம். மணிக்கணக்குக் கூலிக்காரர்கள் கெஞ்சிக் கேட்டுக் கழன்றுகொண்டதை நானே பார்த்தேன். பட்டினி என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அவர்கள்தான்.