கால்நடை கேள்வி பதில்: குப்பிக்குள் உயிரோடு இருக்கும் கிருமி

ஆட்டுக்கொல்லி நோய்க்குப் போடும் ஊசியில் உயிருள்ள வைரஸே இருக்கிறது என்கிறார்கள். அதை எப்படி வலுவிழக்கச் செய்கிறார்கள்? ஆட்டின் உடலுக்குள் போய்த் திரும்பவும் வலுப்பெற்றுவிடாதா?
– செ. மணிவண்ணன், முசிறி

ஒரு வைரஸை அதற்குப் பழக்கமில்லாத இடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால், புது இடத்துக்குப் பழகிக்கொண்டு பழைய இடத்தில் வீரியம் இழக்கும். 1920களின் கடைசியில், இமயமலைப் பகுதியிலுள்ள முக்தேசுவர் கால்நடை ஆய்வகத்தில் எட்வர்ட்ஸ் என்னும் விஞ்ஞானி, மாட்டு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) வைரஸை வெள்ளாட்டுக்கு வெள்ளாடு மாற்றி நூற்றுக்கணக்கான முறை செலுத்தினார். நாட்டு மாடுகள் அந்த ஊசியைத் தாங்கின. கலப்பின மாடுகளுக்கு அது கடுமையாகவே இருந்தது. பின்னர் கென்யாவில் வால்டர் ப்ளௌரைட் என்னும் கால்நடை விஞ்ஞானி அதே நோயின் வைரஸைக் கன்றின் சிறுநீரகச் செல்களில் சுமார் 90 தடவை வளர்த்து எடுத்தார். அது எல்லா இன மாட்டுக்கும் ஒத்துக்கொண்டது. 2011இல் வெக்கை நோய் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்க முடிந்ததில் அந்த ஊசிக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆட்டுக்கொல்லிக்கும் இதே வழிதான். இந்தியாவில் இந்நோய் முதலில் உறுதியானது 1987இல், நம் விழுப்புரம் பக்கத்து அரசூரில். அங்கே எடுத்த வைரஸிலிருந்தும் ஒரு தடுப்பூசி உருவானது. இன்று பரவலாகப் போடப்படும் ‘சுங்ரி 96’, இமாசலப் பிரதேசத்து வெள்ளாட்டிடம் எடுத்து, வீரோ என்னும் குரங்குச் சிறுநீரகச் செல்களில் சுமார் 60 தடவை வளர்த்தது.

ஒரு ‘தடவை’ என்பது இதுதான்: குடுவையின் அடியில் செல்கள் படலமாகப் பரவியதும் வைரஸை விடுவார்கள். செல்கள் உருண்டு, ஒன்றோடொன்று இணைந்து, பெரும்பகுதி சிதைந்ததும் குடுவையை உறையவைத்து உருக்கினால் உள்ளிருக்கும் வைரஸ் வெளிவரும். அதில் சிறிதளவு அடுத்த குடுவைக்குப் போகும். நடுநடுவே ஆடுகளுக்குப் போட்டுக் காய்ச்சல், கழிச்சல், வாய்ப்புண் வருகிறதா என்று பார்ப்பார்கள். சீக்கிரம் நிறுத்தினால் ஊசியே நோயைத் தரும். அளவு மீறி வளர்த்தால் வைரஸ் ஆட்டின் உடலில் பெருகாது, எதிர்ப்புச் சக்தியும் வராது. எங்கே நிறுத்துவது என்பதை ஆடுகளில் சோதித்துத்தான் அறிய முடியும்.

திரும்ப வலுப்பெறுமா என்பதற்கும் சோதனை உண்டு. ஊசி போட்ட ஆட்டிலிருந்து எடுத்து அடுத்த ஆட்டுக்கு, அதிலிருந்து இன்னொன்றுக்கு என வழக்கமாக ஐந்து சுற்று செலுத்திப் பார்ப்பார்கள். பல மடங்கு டோஸை ஒரே ஆட்டுக்குப் போடுவதும் உண்டு. ஊசி காக்கிறதா என்று அறிய, போட்டு மூன்று நான்கு வாரம் கழித்து, ஊசி போட்டவை, போடாதவை இரண்டுக்கும் வீரியமுள்ள வைரஸைச் செலுத்துவார்கள். ஊசி போடாதவை நோயில் விழாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. செல் வளர்ப்பில் சேர்க்கும் கன்றுச் சீரம் (இரத்தத் தெளிநீர்) வழியாக வேறு வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும் ஆபத்தும் இருக்கிறது. அதற்காகவே ஒவ்வொரு தொகுதியையும் தனியே சோதிக்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் 60 ஆடுகளுக்கு ஆட்டுக்கொல்லி ஊசி போட்டோம். ஐந்தாம் நாளே சில ஆடுகளுக்கு நோய் வந்துவிட்டது. ஊசியால் வந்ததா?
– ரா. பேச்சியம்மாள், விளாத்திகுளம்

பெரும்பாலும் இல்லை. வைரஸ் உள்ளே புகுந்து நோய் வெளிப்பட நான்கிலிருந்து ஆறு நாள் ஆகும். ஊசி காப்பாற்றத் தொடங்க 10 முதல் 14 நாள் ஆகும். பக்கத்துப் பட்டியில் நோய் வந்த பிறகு அவசரமாகப் போட்டீர்களா என்று யோசித்துப் பாருங்கள். அப்போது ஒரே ஊசி முனையை எல்லா ஆட்டுக்கும் குத்தியிருந்தால் நோயையும் சேர்த்தே கடத்தியிருப்பீர்கள்.

ஊசி பலிக்காமல் போக முதற்காரணம் சூடு. உறைநிலையில் உலர்த்திய தூளை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். 100 டோஸ் குப்பிக்கு 100 மி.லி. கரைப்பு நீர், அதுவும் ஐஸில் குளிர்ந்திருக்க வேண்டும். கலந்த மருந்து ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும், இரண்டு மணி நேரத்துக்குள் முடியுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைப்பதே தவறு. மிஞ்சியதை மறுநாளைக்கு எடுத்துவைத்தால் வெறும் தண்ணீரைத்தான் போடுவீர்கள். ஒரு ஆட்டுக்கு 1 மி.லி., தோலுக்கு அடியில்.

சிரிஞ்சை ஸ்பிரிட்டிலோ டெட்டாலிலோ கழுவாதீர்கள். அதில் ஒட்டியிருக்கும் துளியே வைரஸைக் கொன்றுவிடும். கொதிநீரில் வேகவைத்து, நன்றாக ஆறிய பிறகு எடுங்கள்.

குட்டிகளுக்கு மூன்று மாதம் முடிந்த பிறகே போடுங்கள். சீம்பால் வழியாக வந்த தாயின் எதிர்ப்புச் சக்தி, அதற்கு முன் போடும் ஊசியின் வைரஸை அழித்துவிடும். முறையாகப் போட்டது மூன்று ஆண்டுக்குத் தாங்கும். ஆனால் அந்த மூன்று ஆண்டில் பிறக்கும் குட்டிகளையும் சந்தையில் வாங்கி வரும் ஆடுகளையும் மறந்துவிடக் கூடாது. நீலநாக்கு நோயும் வாயில் புண் காட்டும் என்பதால், ஊசியைக் குறை சொல்லும் முன் மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போட வேண்டியிருக்கிறது. இதற்கும் உயிர்த் தடுப்பூசி வந்தால் தொல்லை தீருமே?
– த. அந்தோணிசாமி, மணப்பாறை

முயன்று பார்த்துக் கைவிட்ட வழி அது. கோமாரி வைரஸ் வேகமாக மாறும். மாட்டுக்குத் தீங்கு செய்யாத அளவுக்கு வலுவிழந்தது பன்றிக்கு நோய் தரலாம். வலுவிழப்புக்கும் பயனின்மைக்கும் இடையே போதிய இடைவெளி கிடைக்கவில்லை. ஏழு வகை வைரஸ் இருப்பதும் சிக்கல். ஒன்றுக்குப் போட்டது மற்றதைத் தடுக்காது. எனவே வீரியமுள்ள வைரஸைப் பெருக்கி, ரசாயனத்தால் கொன்று, எண்ணெய் போன்ற துணைப்பொருள் சேர்த்துப் போடுகிறோம். செத்த வைரஸ் உடலில் பெருகாததால் ஆறு மாதத்தில் பலன் தேய்கிறது. இந்த வழியிலும் ஆபத்து இல்லாமல் இல்லை: 2007இல், கோமாரி ஆய்வும் தடுப்பூசித் தயாரிப்பும் நடந்த இங்கிலாந்தின் பிர்பிரைட் வளாகத்து வடிகாலிலிருந்து கசிந்த வைரஸ் சுற்றுவட்டாரப் பண்ணைகளைத் தாக்கியது.

மாட்டுத் தோல் கழலை நோய்க்கு ஆட்டம்மை ஊசி போடுகிறார்களே, சரியா?
– வெ. கலைவாணி, சத்தியமங்கலம்

சரிதான். வெள்ளாட்டம்மை, செம்மறியாட்டம்மை, தோல் கழலை மூன்றும் நெருங்கிய உறவுடைய வைரஸ்கள். ஒன்றின் ஊசி மற்றதற்கும் ஓரளவு காப்புத் தரும். கழலை வைரஸையே வீரோ செல்லில் 50 தடவை வளர்த்து எடுத்த ‘லம்பி ப்ரோவேக்இண்ட்’ என்னும் இந்தியத் தடுப்பூசி 2022இல் அறிவிக்கப்பட்டது. கழலை வைரஸிலிருந்தே செய்த ஊசிகளுக்குப் பின் சில மாடுகளுக்குச் சின்னக் கட்டிகள் தோன்றித் தாமாக அடங்கும். கட்டி பெரிதாகி, காய்ச்சலோடு பாலும் குறைந்தால் அது நோய். அந்த மாட்டைத் தனியே கட்டி, கொசு, ஈ அண்டாமல் பார்த்துக்கொண்டு மருத்துவரை அழையுங்கள்.